மாமா காட்டிய பூமத்திய ரேகை

பேர்லினுக்கு வந்து பதினாறு வருடங்களாகியும் பிரண்டன்பேர்க் வாசலைக்கூட வேண்டுமென்று போய்ப் பார்க்காதவர் என் அம்மா. விருந்தாளிகள் வந்தால் அப்பாதான் அவர்களை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போவார். அம்மா வீட்டில் நின்று சமைப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, "ஈஸ்டர் லீவுக்கு நானும் நீயும் பூமத்திய ரேகையைப் பார்க்கப் போறம்" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் அதை அப்படியே நம்பினேன்.

மறுநாளே வகுப்பாசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவர் அலுமாரியின் மேலிருந்த பூகோள உருண்டையை இறக்கி, நடுவில் ஓடிய சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில், எங்கள் வகுப்பில் துருக்கிக்கும் லெபனானுக்கும் போய்வரும் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். பூமத்திய ரேகைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். லீவு முடிந்து வந்ததும் வகுப்புக்கு முன்னால் நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். நான் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வாசித்தேன். மார்ச் மாதக் கடைசியில் சில நாட்கள், அந்தக் கோட்டில் நிற்பவர்களுக்கு நண்பகலில் நிழலே விழாது என்று அதில் இருந்தது. அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறை முன்கூட்டியே வந்து, சரியாக அந்த நாட்களில் விழுந்திருந்தது. அம்மா எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையில் அம்மாவுக்கு நிழலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறைகள் துப்புரவாக்கும் வேலை பார்த்த ஹோட்டலில் அவருக்குக் கிடைத்த விடுமுறை அந்த ஒரு வாரம்தான். அப்பாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

புறப்படுவதற்கு முன் அம்மா என்னைப் பல தடவை ஒத்திகை பார்த்தார்.

"எயார்போர்ட்டில கேட்டா என்ன சொல்லுவாய்?"

"பூமத்திய ரேகையைப் பார்க்க வந்தனாங்கள்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

அந்த வேறொன்றுதான் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அம்மா யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டபோது அவர் அரைக் காற்சட்டை போட்ட பள்ளிக்கூடப் பொடியன். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசித் திரையில் வரும் ஒரு முகம். பின்னால் எப்போதும் பச்சைச் சுவர் ஒன்று தெரியும். அவுஸ்திரேலியாவுக்குப் போகவென்று வள்ளத்தில் ஏறியவர் அவர். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோய், இந்தோனேசியக் கரையில் பிடிபட்டார். முதலில் பூட்டிய முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு பொந்தியானாக் என்ற நகரத்தில் அவரைப் போன்றவர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு வீட்டில் விட்டார்கள். பகலில் வெளியே போகலாம். மாலை ஆறு மணிக்குள் திரும்பிவந்து கையெழுத்து வைக்க வேண்டும். வேலை செய்யக் கூடாது, நகரத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. அந்த நகரத்தின் ஊடாகத்தான் பூமத்திய ரேகை போகிறது. இவையெல்லாம் பின்னால் எனக்குத் தெரியவந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது, மாமா அங்கே இருக்கிறார், எங்களிடம் வரப் போகிறார் என்பது மட்டும்தான்.

அதற்கு முந்திய கோடையில் என் அறைக்குள் இன்னொரு கட்டில் வந்திருந்தது. மாமா வருவார், புத்தகத் தட்டில் பாதியைக் காலி செய்து வை என்று அம்மா சொன்னார். நான் செய்தேன். அதற்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கட்டில் மட்டும் இருந்தது. எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே தாமதமாகத்தான் நடக்கும், எதற்கும் முதலில் ஏதாவதொரு அலுவலகத்தில் டெர்மீன், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுக்க வேண்டும். அதனால் பயணச்சீட்டு வந்தவுடன் எனக்குள் நானே முடிவு செய்துகொண்டேன்: மாமாவைக் கூட்டிவரத்தான் போகிறோம், போகிற வழியில் பூமத்திய ரேகையையும் பார்க்கிறோம். ஆச்சரியப்படுத்துவதற்காக அம்மா சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்ததால் நானும் கேட்கவில்லை.

பொந்தியானாக்கில் இறங்கியபோது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தை இடையில் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு சூடு. விமான நிலையத்தில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மனப்பாடம் செய்த வசனத்தை நானாகவே ஒரு அதிகாரியிடம் ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

நாங்கள் தங்கிய சிறிய விடுதியின் முன்கூடத்தில் மாமா காத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். இடது காலை இழுத்து இழுத்துத்தான் அவரால் நடக்க முடிந்தது. திரையில் இவ்வளவு காலமும் முகத்தை மட்டுமே பார்த்திருந்த அம்மா, பெட்டியின் கைப்பிடியை விடாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலுக்கு என்னடா?"

"அது பழசு அக்கா. கடைசிச் சண்டைக்குள்ள பட்டது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி?" என்று கேட்டுவிட்டு மாமா என் பக்கம் குனிந்தார். "இவதான் எங்கட பெரிய மனுசியோ? வாங்கோ குஞ்சு."

அவரிடம் சவர்க்கார வாசனை வந்தது. முடியில் பாதி நரைத்திருந்தது. எங்கள் அப்பாவைவிட வயது குறைந்தவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

முதல் இரண்டு நாளும் அவர்கள் அறையில் இருந்து கதைத்தார்கள். அம்மா கொண்டுவந்த மிளகாய்த்தூளையும் சேட்டுகளையும் மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மடித்து வைத்தார். நான் தொலைக்காட்சியில் புரியாத மொழியில் கேலிச்சித்திரம் பார்த்தேன். இடையிடையே குரல் தாழும். "பிடிச்சாங்கள் எண்டா?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். "இஞ்ச மட்டும் என்ன, வெளியில விட்டே வைச்சிருக்கினம்?" என்றார் மாமா. பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மாமாவே வந்து, "பிள்ளையை அங்க கூட்டிக்கொண்டு போவம். இண்டைக்குத்தான் விசேசம். நிழல் விழாது" என்றார். எனக்கு முன்னால் அவருக்கு அது தெரிந்திருந்தது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பால் விடாத தேநீரின் நிறத்தில் அகலமான ஆறு ஒன்று நகரத்தைப் பிரித்துக்கொண்டு ஓடியது. மோட்டார் சைக்கிள்களோடு ஆட்களையும் ஏற்றும் பெரிய படகில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து சிறிய பேருந்தில் ஏறினோம். மாமா சாரதியோடு அந்த ஊர் மொழியில் பகிடி விட்டுக் கதைத்தார். கவிழ்த்து வைத்த கிண்ணம்போலக் கூரையுள்ள ஒரு கட்டடம். அதன் மேலே வளையங்களும் அம்புக்குறியுமாக ஒரு பெரிய தூண் நின்றது. வாசலில் நின்ற காவலாளி மாமாவைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"இதைப் பார்த்துப்போட்டு இதுதான் எண்டு நினைக்கக் கூடாது," என்று மாமா மேலே காட்டினார். "இது பேந்து கட்டினது. பழசு உள்ளுக்க இருக்கு, வாங்கோ."

உள்ளே, கறுத்த மரத்தில் செய்த சிறிய தூண்கள் நின்றன. மாமா ஒரு வழிகாட்டியைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்கினார். மரத்தின் பெயரைச் சொன்னார். எந்தக் காலத்தில் எந்தத் தூணை நட்டார்கள் என்று சொன்னார். பக்கத்தில் நின்ற வேறு இரண்டு சுற்றுலாப் பயணிகள்கூட எங்களுக்குப் பின்னால் வந்து, மொழி விளங்காமலே அவர் காட்டிய இடங்களைப் பார்த்தார்கள்.

"உனக்கு எல்லாம் பாடமாக்கிக் கிடக்கு," என்றார் அம்மா.

"வேற எங்க போறது அக்கா? ஆறு மணிக்குள்ள திரும்பி வரக்கூடிய தூரத்தில பார்க்கிறதுக்கு இது ஒண்டுதான் இருக்கு."

தரையில் ஒரு கோடு போட்டிருந்தது. நான் அதன் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றேன். அம்மா வடக்குப் பக்கத்தில் நின்றார். மாமா எதிர்ப்பக்கம் போய் நின்று, காலால் நிலத்தைத் தட்டினார். "நான் போக வெளிக்கிட்ட நாடு இந்தப் பக்கம்தான். கோட்டைத் தாண்டி வந்தாச்சு. மிச்சத் தூரம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு." அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

வெளியே மேசை போட்டு முட்டை வைத்திருந்தார்கள். பூமத்திய ரேகையில்தான் முட்டை செங்குத்தாக நிற்கும் என்று எழுதிய பலகையும் இருந்தது. பொறுமையிருந்தால் முட்டை எங்கேயும் நிற்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பிறகுதான் படித்தேன். நான் வைத்த முட்டைகள் எல்லாம் சாய்ந்தன. வரிசையில் நின்ற பெரியவர்களும் தோற்றுப்போனார்கள். மாமா மேசையருகே முழங்காலை மடிக்க முடியாமல், இடது காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு இருந்தார். முட்டையை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்தபடி மூச்சுக்கூட விடாமல் இருந்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் அலுத்துப்போய்க் கலைந்தார்கள். கடைசியில் அவர் விரல்களை எடுத்தபோது முட்டை நின்றது.

"எப்பிடி மாமா?"

"இதுக்குப் பொறுமைதான் வேணும். என்னட்டை இப்ப அது ஒண்டுதான் கனக்கக் கிடக்கு."

நண்பகலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு மரத்தடியில் வாங்கில் அமர்ந்தோம். மாமா கற்றாழைத் துண்டுகள் போட்ட குளிர்பானம் வாங்கித் தந்தார். முட்டையை நிறுத்தியவருக்கு நானும் ஏதாவது தர வேண்டும் என்று தோன்றியது. அதுவரை அடக்கி வைத்திருந்த செய்தியைச் சொன்னேன்.

"மாமா, உங்கட கட்டில் ரெடியா இருக்கு. என்ர அறையில."

அம்மா சட்டென்று திரும்பினார். "சும்மா அலட்டாமக் குடி பிள்ளை."

"விடுங்கோ அக்கா. அவ சொல்லட்டும்," என்றார் மாமா. என் பக்கம் நன்றாகத் திரும்பி அமர்ந்தார். "கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கு?"

"ஜன்னல் பக்கம். நான் கதவுப் பக்கம். உங்களுக்கு ஹீட்டர் கிட்ட."

"அது நல்லது. எனக்குக் குளிர் பழக்கமில்லை. ஜன்னலால பார்த்தா என்ன தெரியும்?"

"எங்கட பள்ளிக்கூடம் தெரியும். நான் இடைவேளைக்கு விளையாடேக்க நீங்கள் மேல நிண்டு கை காட்டலாம்."

"எத்தினையாம் மாடி?"

"மூண்டாவது. லிஃப்ட் இல்லை." சொன்ன பிறகுதான் அவருடைய கால் நினைவுக்கு வந்தது. "ஆனா கைபிடி இருக்கு."

"கைபிடி இருந்தாப் போதும். மேல் வீட்டில ஆர் இருக்கினம்?"

மேல் வீட்டுத் துருக்கி அன்ரியைப் பற்றிச் சொன்னேன். பெருநாளைக்கு அவர் தட்டு நிறைய இனிப்புக் கொடுத்தனுப்புவதையும், தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா வடை போட்டுக் கொடுப்பதையும் சொன்னேன். மாமா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கோயிலுக்கு நடந்து போகலாமா, பனி கொட்டும்போது சத்தம் கேட்குமா, காலையில் யார் முதலில் குளிப்பது, ஜெர்மன் படிக்கக் கஷ்டமா. "நான் குறட்டை விடுவன், பரவாயில்லையோ?" என்றும் கேட்டார். அதைப் பற்றி நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பரவாயில்லை என்றேன். புத்தகத் தட்டில் அவருக்கு மேல் பாதியா கீழ்ப் பாதியா என்பதில் எங்களுக்குள் சின்ன விவாதம்கூட நடந்தது. கீழ்ப் பாதி என்று அவர் விட்டுக்கொடுத்தார்.

அம்மா எழுந்து போய்த் தூரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

ஒலிபெருக்கியில் யாரோ அறிவித்ததும் எல்லோரும் வெயிலுக்குள் வந்தார்கள். குடை பிடித்தவர்கள் குடையை மடக்கினார்கள். என் நிழல் காலைச் சுற்றிச் சுருங்கி, பாதத்துக்குள் புகுந்து, ஒரு கணத்தில் இல்லாமல் போனது. பெரிய தூணுக்கும் நிழல் இல்லை. சனங்கள் கைதட்டினார்கள். மாமா தன் கையை நீட்டிப் பிடித்து, அதன் கீழே தரையைப் பார்க்கச் சொன்னார். கைக்குச் சரியாக நேர் கீழே, கை அளவில் மட்டும் ஒரு சிறு கறுப்பு.

"அம்மா, கீழ பாருங்கோ."

"பார்த்தனான்," என்றார் அம்மா. அவர் பார்க்கவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருடைய கண் ஒரு முறையும் நிலத்துக்கு வரவில்லை, மாமாவின் முகத்திலேயே இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நிழல் எங்கள் காலடியிலிருந்து திரும்ப முளைக்கத் தொடங்கியது.

திரும்பும்போது படகில், நான் இருவருக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். ஆற்றின் நடுவுக்கு வந்ததும் மாமா மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, பிள்ளை சொன்னது மெய்தானே? அந்த ஜன்னலால பள்ளிக்கூடம் தெரியுமோ?"

அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். பிறகு சொன்னார். "ஓம் தம்பி. தெரியும். பிள்ளையள் விளையாடுற சத்தமும் கேக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் சொன்னதை நம்பாமல், பொய்யா மெய்யா என்று அம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்கிறார். வகுப்பில் யாரும் என் பேச்சைச் சந்தேகித்ததில்லை. கரையில் இறங்கும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. இறங்கிய பிறகும் மாமாவோடு கதைக்கவில்லை.

கையெழுத்து வைக்கும் நேரம் நெருங்கியதால் மாமா துறையிலேயே விடைபெற்றார். மறுநாள் விடியவே எங்களுக்கு விமானம். அம்மா அவரைக் கட்டிப்பிடித்தபடி வழியை மறித்துக்கொண்டு நின்றார். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒலி எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். "அழாதேங்கோ அக்கா. பிள்ளை பார்க்குது," என்றார் மாமா. பிறகு என் தலையில் கை வைத்தார். நான் வேண்டுமென்றே ஜெர்மன் மொழியில் "சூஸ்" என்று மட்டும் சொல்லி விடைகொடுத்தேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அம்மாவிடம் பொருளைக் கேட்டு, என்னைப் பார்த்து, "சூஸ்" என்று சொல்லிப் பழகினார். இரண்டாம் தடவை சரியாக வந்தது. பிறகு காலை இழுத்துக்கொண்டு சந்தைப் பக்கமாகப் போனார்.

காலையில் விமான நிலையத்துக்கு அவர் பெட்டியோடு வருவார் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஏதோ ஒரு டெர்மீன் இன்னும் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். லீவு முடிந்து வகுப்பில் நிழலைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் பேசினேன். யார் இதையெல்லாம் காட்டினார்கள் என்று ஆசிரியை கேட்டார். என் மாமா, அவர் விரைவில் எங்களோடு இருக்க வரப்போகிறார் என்றேன். எல்லோரும் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள்.

அந்தக் கோடையில் மாமா, திரும்பிப் போகச் சம்மதம் என்று தானாகவே கையெழுத்து வைத்து இலங்கைக்குத் திரும்பினார். விமான நிலையத்திலேயே விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். சில வாரங்கள் எந்தச் செய்தியும் இல்லை. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் யாரும் தொலைக்காட்சி போடவில்லை. பிறகு விட்டுவிட்டார்கள். கிளிநொச்சியில் ஒரு நண்பரின் கடையில் நின்றார். தொலைபேசியில் வரும்போது குரல் சிறுத்திருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், தானாக ஒன்றும் கேட்கமாட்டார். அடுத்த வருடம் போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு மழைக்காலத்தில், டெங்குக் காய்ச்சல் வந்து மாமா இறந்துபோனார். கடலும் முகாமும் விட்டுவைத்தவரை ஒரு நுளம்பு கொண்டுபோனது.

செய்தி வந்து ஒரு வாரமாகியிருக்கும். அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"மாமா ஏன் அம்மா எங்களோட வரேல்லை?"

அம்மா கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார். கட்டில் வாங்கிக் கொஞ்ச நாளிலேயே வக்கீல் முடியாது என்று சொல்லிவிட்டாராம். மனைவி, புருசன், சின்னப் பிள்ளைகள், இவ்வளவுதான் குடும்பம். தம்பி அதற்குள் வரமாட்டார். வேறு நாடுகளும் அவரை எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்புவது என்று முடிவெடுத்த பிறகுதான் மாமா, போனால் என்ன நடக்குமோ தெரியாது, ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போங்கோ அக்கா என்று கேட்டிருக்கிறார்.

"அப்ப, நாங்கள் அங்க போகேக்க மாமாவுக்குத் தெரியுமோ? இஞ்ச வர ஏலாதெண்டு?"

"எல்லாம் தெரியும். நாங்கள் வெளிக்கிடுறதுக்குக் கனக்க முதலே தெரியும்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹீட்டரும் மாடிப்படியும் புத்தகத் தட்டும் கேட்டு அறிந்தவர், இங்கே ஒருநாளும் வரமாட்டோம் என்று தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். அந்த ஒரு பகலுக்குள் மூன்றாம் மாடிவரை ஏறிவந்து எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். படகில் அம்மாவிடம் கேட்டதும் அதற்குத்தான். ஒன்பது வயதில் எனக்கு அது அவநம்பிக்கையாகப் பட்டது.

"வர ஏலாதெண்டு தெரிஞ்சா, பிறகேன் என்னட்டை அவ்வளவும் கேட்டவர்?"

அம்மா வெங்காயத்தைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"எனக்கும் தெரியாது பிள்ளை. அண்டைக்குப் பின்னேரம் கையெழுத்து வைச்சுப்போட்டு போன் எடுத்தும் கேட்டவன். நீ குளிச்சுக்கொண்டு நிண்டனி. உங்கட ரோட்டால போற பஸ் என்ன நிறம் எண்டு கேட்டான். மஞ்சள் எண்டு சொன்னன்."